வைகை, கண்மாய், வாறுகால்: மதுரையில் வெள்ளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைகையில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீரே இல்லை. மதுரைக்கு வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழியாக வருகிறது. முதலாவது ஆற்று வெள்ளம். அணை திறப்பும் அணைக்குக் கீழே பெய்யும் மழையும் சேர்ந்து வைகை பெருகுவது இது. 1993-ல் வந்தது இந்த வகை. இரண்டாவது கண்மாய் வெள்ளம். ஒரு கண்மாய் (பாசன ஏரி) நிரம்பி மறுகால் (உபரி நீர்) பாயும்போது, அந்த மறுகால் போகவேண்டிய ஓடையில் வீடுகள் இருந்தால் தண்ணீர் வீட்டுக்குள் போகும். மூன்றாவது தெரு வெள்ளம். கால்மணி நேரத்தில் கொட்டும் மழையைத் தெரு வடிகாலான வாறுகாலால் வாங்க முடியாமல் சாலையே ஓடையாவது.

மதுரைக்காரர்களுக்கு ஆற்று வெள்ளத்தின் மீதுதான் பயம் அதிகம். ஆனால் அதுதான் சொல்லிவிட்டு வரும் வெள்ளம். கண்மாய் வெள்ளமும் தெரு வெள்ளமும் சொல்லாமல் வரும். வீட்டுக்குள் அடிக்கடி வருவதும் அவைதான். நகரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 85 செ.மீ. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், முக்கியமாக அக்டோபர், நவம்பரில் சில நாட்களிலேயே பெய்து தீர்ந்துவிடும்.

வைகை அணையில் 66 அடி, 68.5 அடி, 69 அடி என்று எச்சரிக்கை விடுகிறார்களே, அதற்கு என்ன பொருள்?

1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு வருகிற தண்ணீரை வந்தபடியே ஆற்றில் விட வாய்ப்பு அதிகம். 71 அடி வரை ஏன் காத்திருப்பதில்லை என்று கேட்பார்கள். மேலே வருஷநாட்டு மலையில் இரவோடு இரவாக மழை பெய்தால் அதை வாங்க அணையில் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா?

அணை மூடியிருந்தாலும் மதுரையில் ஆறு பெருகலாம் என்பதை மறக்கக் கூடாது. மஞ்சளாறு, மருதாநதி போன்றவை வைகை அணைக்குக் கீழேதான் ஆற்றில் சேர்கின்றன. கொடைக்கானல் மலைச்சரிவில் பலத்த மழை என்றால், வைகை அணையில் ஒரு மதகுகூடத் திறக்காமலே, நகருக்குக் கிழக்கே உள்ள விரகனூர் மதகணையில் தண்ணீர் ஏறும். ஆகவே அணை மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், வைகை அணைக்கும் மதுரைக்கும் நடுவில் உள்ள பேரணைக்கு எவ்வளவு தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

நான்காயிரம் கன அடி என்றால் எவ்வளவு? எவ்வளவு நேரத்தில் மதுரைக்கு வரும்?

செய்தியில் சொல்லும் ‘கன அடி’ என்பது நொடிக்கு ஒரு கன அடி. அதாவது நொடிக்கு 28.3 லிட்டர். நான்காயிரம் கன அடி என்றால் நொடிக்கு 1 லட்சத்து 13 ஆயிரம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்பது, ஒவ்வொரு நொடியும் கவிழ்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அணையின் கொள்ளளவு சுமார் 6,091 மில்லியன் கன அடி. ஆயிரம் கன அடி வீதம் ஒருநாள் முழுக்கத் திறந்தால் வெளியேறுவது 86.4 மில்லியன் கன அடிதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அணை எவ்வளவு பெரியது, வாய்க்கால் எவ்வளவு சிறியது என்பது புரியும்.

அணையிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். நனைந்த ஆற்றில் தண்ணீர் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வேகத்தில் வந்தால் 13 முதல் 20 மணி நேரம். காய்ந்த ஆறு என்றால் மணல் குடித்தது போக மீதிதான் வரும், நேரமும் கூடும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்கூட்டியே தண்ணீர் திறப்பது இதனால்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் இரண்டாவது அலை முதல் அலையைவிட வேகமாக வரும். ‘போனதடவை சாயங்காலம்தான் வந்தது’ என்ற கணக்கு அன்றைக்கு உதவாது.

ஆறு கரை தொடவில்லை. ஆனாலும் கல்பாலம் பக்கம் கரையோரச் சாலையில் மட்டும் தண்ணீர் ஏறுவது ஏன்?

தரைப்பாலத்தின் கண்கள், அதாவது தண்ணீர் போகும் திறப்புகள்தான் காரணம். யானைக்கல் பக்கத்துக் கல்பாலம் போன்ற தரைப்பாலங்கள் தாழ்ந்தவை, கண்கள் குறுகியவை. நகரின் கழிவுநீரில் வளர்ந்த ஆகாயத்தாமரை, வெள்ளம் வந்ததும் வேரோடு பெயர்ந்து மெத்தை மெத்தையாக வந்து கண்களை அடைத்துக்கொள்கிறது. அதன் மேல் மரக்கிளை, துணி, பாலிதீன் பை. அப்போது பாலம் ஒரு அணையாகிவிடும். மேல்பக்கத்தில் மட்டம் இரண்டு மூன்று அடி ஏறும், பக்கவாட்டில் தாழ்வாக இருக்கும் சாலைக்குத் தண்ணீர் திரும்பும். 1889-ல் திறந்த ஏ.வி. பாலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது உயரம்.

ஆகாயத்தாமரையை வெள்ளம் வந்த பிறகு ஜேசிபி வைத்து எடுப்பது ஆபத்து, பலனும் குறைவு. செப்டம்பர் கடைசிக்குள் எடுத்து, கரையில் போடாமல் லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். கரையில் குவித்தால் முதல் மழையில் திரும்ப ஆற்றுக்கே வரும். இப்படிக் குவித்து வைப்பதை வேலை முடிந்ததாகக் கணக்கு எழுதுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

2024 அக்டோபரில் செல்லூர் ஏன் மூழ்கியது?

அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் சுமார் 10 செ.மீ. மழை. அதில் 4.5 செ.மீ. பிற்பகல் மூன்று மணியை ஒட்டிய கால்மணி நேரத்தில் கொட்டியது. செல்லூர், கட்டபொம்மன் நகர், முல்லை நகர் என்று வடபகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 45 மி.மீ. என்றால் நாலரை லட்சம் லிட்டர். மொட்டை மாடியும் சிமென்ட் சாலையுமாக இருக்கும் இடத்தில் பத்தில் எட்டுப் பங்கு ஓடிவரும். கால்மணி நேரத்தில் 3.6 லட்சம் லிட்டர், நொடிக்கு 400 லிட்டர். இரண்டடி விட்டமுள்ள குழாய், 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில், சுத்தமாக இருந்தால் நொடிக்கு 270 லிட்டர் கொண்டுபோகும். பாதி மண் அடைத்திருந்தால் 130 கூடத் தேறாது. இரண்டரை ஏக்கருக்கே இந்த நிலை.

இத்துடன் கண்மாயும் சேர்ந்தது. செல்லூர் கண்மாய் நிரம்பினால் உபரி, பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போகவேண்டும். அந்தக் கால்வாய் குறுகி, சேறும் குப்பையும் ஏறி, இரண்டு பக்கமும் வீடுகளாகிவிட்டது. மழைக்குப் பிறகு, கண்மாயிலிருந்து வைகை வரை 290 மீட்டர் நீளத்துக்கு 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் கட்ட அரசு அறிவித்தது. சிமென்ட் கால்வாய் தண்ணீரை வேகமாகக் கொண்டுபோகும், சந்தேகமில்லை. ஆனால் கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் வைகை மட்டம் உயர்ந்திருந்தால், தண்ணீர் ஆற்றுக்குள் போகாமல் எதிர்த்து வரும். கால்வாயின் வாயில் தானாகத் திறந்து மூடும் மடல் கதவும், கதவு மூடும் நேரத்துக்கென்று பம்பும் இல்லாவிட்டால் எந்தக் கால்வாயும் பாதி வேலைதான்.

எங்கள் தெருவுக்குக் கண்மாயே கிடையாது. நாங்களும் கவலைப்படணுமா?

பக்கத்தில் கண்மாய் இல்லாத தெரு மதுரையில் குறைவு. கண்மாய் இருந்தது தெரியாத தெருக்கள்தான் அதிகம். உலகநேரி கண்மாயில்தான் உயர்நீதிமன்றக் கிளை நிற்கிறது. எல்லிஸ் நகர் வழியாக ஓடும் ‘சாக்கடை’ கிருதுமால் நதி. கூடலழகர் கோவிலுக்கு வைகை ஒரு பக்கம், கிருதுமால் மறுபக்கம் மாலையாக ஓடியது என்று புராணம் சொல்லும் அதே நதி.

உங்கள் தெருவுக்கு மூன்று விஷயம் கண்டுபிடியுங்கள். மேலே எந்தக் கண்மாய்? அதன் கலுங்கு எந்தப் பக்கம்? கலுங்கிலிருந்து இறங்கும் மறுகால் எங்கே போகிறது?

கண்மாய்கள் சங்கிலி. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கலுங்கு என்பது கரையில் கல்லால் கட்டிய தாழ்வான பகுதி. அதற்கு மேல் தண்ணீர் நிற்காமல் வழிந்தோடிவிட வேண்டும். மடை பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வாய். மடையைத் திறந்து வெள்ளத்தை வடிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். மடை சிறியது, அதன் வாய்க்காலும் சிறியது. வெள்ளத்துக்குக் கலுங்கு மட்டும்தான்.

கண்டுபிடிக்கும் வழி: பழைய கிராம வரைபடம் வாங்கிப் பாருங்கள். நீலக்கோடு, புள்ளிக்கோடு எல்லாம் ஓடை. தெருவில் வயதான அம்மாமார்களைக் கேளுங்கள், ‘முன்னாடி இங்க மழைக்கு எந்தப் பக்கம் தண்ணி ஓடும்?’ என்று. வரைபடத்தில் இல்லாதது அவர்களிடம் இருக்கும். பலத்த மழையன்று ஓட்டத்தின் திசையை நீங்களே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கண்மாயை நன்றாகத் தூர்வாரினால் வெள்ளம் நிற்காதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தூர்வாருவது தண்ணீர்ப் பஞ்சத்துக்கு நல்லது, வெள்ளத்துக்கு ஓரளவுதான். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி அக்டோபர் முதல் மழையிலேயே நிரம்பிவிடும். நவம்பரில் பெருமழை வரும்போது அதில் இடம் இருக்காது. வெள்ளத்தைக் குறைப்பது கண்மாயில் காலியாக இருக்கும் இடமும், கலுங்கும், மறுகாலும்.

தூர்வாருவதில் நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்படும். கரையின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் பக்கம்) அடியிலிருந்து குறைந்தது கரையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளித்தான் மண் எடுக்க வேண்டும். அடியில் உள்ள களிமண் படிவத்தைக் கிழித்தால் தண்ணீர் நிற்காது. எடுத்த மண்ணைக் கரையில் தளர்வாகக் கொட்டி ‘கரை உயர்த்தினோம்’ என்றால், அது கெட்டிப்படாத மண். முதல் மழையில் வழிந்து உள்ளே போய்விடும். அரை அடி அடுக்கு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, உருளை ஓட்ட வேண்டும்.

அடுத்தது மணல் மூட்டைச் சண்டை. பாசனக்காரர்கள் கூடுதலாகத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கலுங்கின் மேல் மூட்டை அடுக்குவார்கள். மறுகால் பக்கம் குடியிருப்பவர்கள் ராத்திரி வந்து தள்ளிவிடுவார்கள். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் கலுங்கின் மேல் ஒரு அடி மூட்டை அடுக்கினால் கரைக்குப் பாதுகாப்பாக விட்டிருந்த உயரத்தில் ஒரு அடி போயிற்று. பெருமழையில் கலுங்கு வழியாக வழியவேண்டியது கரை மேல் வழியும். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் உடைப்பு. சண்டையைப் புரட்டாசியிலேயே பேசித் தீர்த்து, எந்தத் தேதி வரை எவ்வளவு மட்டம் என்று எழுதி வைத்துக்கொள்வதே உருப்படியான வழி.

கண்மாய்க்கரையில் கசிவு தெரிந்தால் என்ன செய்வது?

கசிவுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தெளிவாக இருந்தால் கவனித்தபடி இருக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது, அவசரம். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால், வேர் மக்கி அதுவே குழாயாகும்.

வெளிப்பக்கத் துவாரத்தை அடைக்காதீர்கள். அழுத்தம் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கசிவைச் சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி, தண்ணீரை இரண்டு மூன்றடி உயரம் தேங்கவிட்டு, தெளிந்த தண்ணீர் மட்டும் வழியும்படி செய்ய வேண்டும். அடைப்பது உள்வாய்ப் பக்கத்தில், தார்ப்பாயும் களிமண் மூட்டையும் போட்டு. இதைத் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். அதற்குள் மறுகால் பக்கத்து வீடுகளுக்கும் கரைக்குக் கீழே உள்ள வீடுகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

வைகைக்கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்து கொடுத்த கதையைத்தான் ஒவ்வொரு ஆவணியிலும் புட்டுத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடாததால் அரசன் பிரம்பை எடுத்தான். கரை விஷயத்தில் அரசன் சொன்னது சரிதான். ஒருவர் பங்கு விட்டுப்போனாலும் கரை முழுதும் போகும்.

மனை வாங்கப்போகிறோம். தாழ்வான இடமா என்று எப்படிப் பார்ப்பது?

பத்திரத்தில் பட்டா நிலம் என்று இருப்பது போதாது. சர்வே எண்ணை வைத்து, வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் வகைப்பாடு பாருங்கள். பக்கத்துச் சர்வே எண்களையும் சேர்த்து. கண்மாய், ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று எது வந்தாலும் புல வரைபடம் வாங்கி, மனையின் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர் என்று நேரில் அளக்கச் சொல்லுங்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டிவிட்டேன் என்பது அதற்கு முன் வாதமாகாது.

பிறகு நவம்பரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சித்திரையில் பார்த்த மனை எல்லாம் மேட்டுநிலம்தான். சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கறை, மின்கம்பத்தின் அடியில் சேற்றுக்கோடு, பக்கத்து வீட்டு வாசலில் உயரமான படி இவற்றைக் கவனியுங்கள். தரைமட்டம் இதுவரை தெரிந்த தண்ணீர்க்கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்கட்டும். சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். அதற்கும் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத்தண்ணீர் வெளியேதான் நிற்கிறது, ஆனால் கழிப்பறை வழியாகத் தண்ணீர் பொங்குகிறது. ஏன்?

தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பி, மேன்ஹோல் மட்டம் உங்கள் வீட்டுக் கழிப்பறையை விட உயர்ந்துவிட்டது. மாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்தவர்கள் தெருவில் நாலு பேர் இருந்தாலே போதும், இது நடக்கும். அது கழிவுநீருக்கு மட்டும் போட்ட குழாய்.

தீர்வு, காம்பவுண்டுக்குள் கடைசி சேம்பருக்கு அடுத்து, தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. நாலங்குலக் குழாய்க்கு ஏற்றதைப் பிளம்பர்கள் பொருத்துவார்கள். மடல் மேலே கீல் வைத்ததாக இருக்க வேண்டும், அம்புக்குறி தெருப்பக்கம். மேலே திறந்து கழுவ மூடி வேண்டும். முடியும் துணியும் சிக்கினால் மடல் மூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பலர் மறப்பது ஒன்று: வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் இருப்பவர் குளித்தால் கீழ்வீட்டில் பொங்கும். அந்த நேரத்தில் எல்லோரும் குழாயை மூடிவையுங்கள்.

மணல் மூட்டை எத்தனை வேண்டும்?

மூன்றடி வாசலுக்கு ஓரடி உயரம் மறிக்கப் பத்துப் பன்னிரண்டு போதும். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் நிரப்புங்கள். நிறைய நிரப்பினால் உருளையாகி இடைவெளி விடும். செங்கல் போல மாற்றி மாற்றி அடுக்கி மிதித்து அமுக்குங்கள். தண்ணீர்ப் பக்கம் தார்ப்பாய்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி வைத்தால் வெள்ளம் குறையுமா?

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை என்றால் 9,300 லிட்டர். முழுதும் தொட்டியிலோ கிணற்றிலோ பிடித்தால் தெருவுக்கு அவ்வளவு குறைவு. ஆனால் சரளை போட்ட மூன்றடிக் குழி மட்டும் வைத்துவிட்டு, ஐந்து வருடம் சுத்தம் செய்யாமல் இருந்தால் அது கொசுத்தொட்டி. மேல்மணலை ஒவ்வொரு ஆடியிலும் எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு?

மீட்டர் போர்டு நனைந்திருந்தால் மெயினைத் தொடாதீர்கள். மின்னகம் 94987 94987-க்குச் சொல்லி, மின்பணியாளர் பார்த்த பிறகுதான் போட வேண்டும். இன்வெர்ட்டர் தனியாக மின்சாரம் தரும், அதையும் அணைக்க வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

தரைத்தொட்டியில் வெள்ளம் புகுந்திருந்தால் முழுதும் இறைத்து, சேறு வாரி, சுவர் தேய்த்து, திரும்ப நிரப்புங்கள். ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றிப் பன்னிரண்டு மணி நேரம் விட்டு, முழுதும் வெளியேற்றுங்கள். இது தொட்டியைக் கழுவும் அளவு, குடிக்க அல்ல. அன்றாடக் கிருமிநீக்கத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும், ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பழைய பவுடரில் வீரியம் இருக்காது, மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்காவிட்டால் வாங்காதீர்கள். சேற்றில் வெறுங்காலோடு வேலை பார்த்தவருக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் நாமேதான் சொல்ல வேண்டும்.

யாரிடம் புகார் சொல்வது? ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியம். நகருக்குள் தெரு வாறுகாலும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சி. சாலைக்குக் குறுக்கே போகும் குழாய்ப்பாலம் அந்தச் சாலை யாருடையதோ அவர்கள். ஆபத்து நேரத்தில் இந்தப் பாகுபாடெல்லாம் வேண்டாம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

மனு எழுதும்போது ‘கால்வாய் அடைப்பு’ என்று மட்டும் எழுதினால் அது அங்கேயே நிற்கும். சர்வே எண், கண்மாய் பெயர், கலுங்கிலிருந்து எத்தனையாவது மீட்டரில் அடைப்பு, அந்த இடத்தில் வாய்க்கால் அகலம் வரைபடத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரு அளவுக்கோலை வாய்க்காலுக்குள் நிறுத்திப் படம் எடுத்து, தேதியோடு இணையுங்கள். ஆனியில் கொடுத்தால்தான் ஒப்பந்தப்புள்ளி விட்டு புரட்டாசிக்குள் வேலை நடக்க நேரம் இருக்கும்.